மூன்று வாரப் பள்ளிக்கூடம்

1911க்கு முன்பு வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர் சித்தூர். அந்தக் காலத்தில் சித்தூர்ச் சந்தையில் கைவரிசை காட்டிப் பிடிபட்ட பதினான்கு வயதுப் பையனைச் சிறைக்கு அனுப்பாமல் செங்கல்பட்டுக்கு அனுப்பச் சட்டத்தில் வழி இருந்தது. 1887இல் சென்னை மாகாண அரசு அங்கே ஒரு சீர்திருத்தப் பள்ளியைத் திறந்திருந்தது. 1897ஆம் ஆண்டின் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டப்படி, 15 வயதுக்கு உட்பட்ட பையனை அங்கே குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு வைத்திருக்கலாம். 18 வயதானால் விட்டுவிட வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

ஒரு சில்லறைத் திருட்டுக்கு மூன்று ஆண்டு என்பது இன்று படித்தால் பதற வைக்கிறது. ஆனால் அந்தக் கொடுமைக்குள் ஒரு கணக்கு இருந்தது. மூன்று ஆண்டில் ஒரு பையனுக்குத் தச்சு வேலை கற்றுத்தர முடியும், நெசவு கற்றுத்தர முடியும், எழுத்துக் கூட்டிப் படிக்க வைக்க முடியும். பட்டறை, வகுப்பறை, கால அட்டவணை எல்லாமே பையன் நெடுநாள் இருப்பான் என்ற நம்பிக்கையில் போடப்பட்டவை.

அதற்குப் பிந்திய நூறாண்டுச் சட்ட வரலாறு பெரும்பாலும் ஒரே திசையில்தான் போயிருக்கிறது. பையனை உள்ளே வைக்கும் காலத்தைக் குறை, முடிந்தால் வைக்கவே வைக்காதே என்பதே அதன் போக்கு. 1919-20இல் இந்தியச் சிறைகள் குழு சிறாருக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்றது. 1920இல் சென்னை மாகாணம் இந்தியாவிலேயே முதலாவதாகக் குழந்தைகள் சட்டம் இயற்றியது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. சித்தூர் அப்போது சென்னை மாகாணத்து மாவட்டம். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போனது, கூடவே சென்னைச் சட்டமும் போனது. ‘ஆந்திரப் பகுதி’ என்று பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு அது 1986ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வரும்வரை நீடித்தது. ஆகவே நகரியில் பிடிபட்ட பையனும் திருத்தணியில் பிடிபட்ட பையனும் நெடுங்காலம் ஒரே சட்டத்தின் பிள்ளைகள்.

1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆண்பிள்ளைக்கு வயது வரம்பு 16, பெண்பிள்ளைக்கு 18. 2000ஆம் ஆண்டில் இருவருக்கும் 18 ஆனது. 2012 டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு எழுந்த கோபத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்து, 2016 ஜனவரி 15இல் அமலுக்கு வந்தது. கொடுங்குற்றம் செய்த 16 முதல் 18 வயதுப் பிள்ளையைப் பெரியவராகக் கருதி விசாரிக்கலாமா என்று முடிவெடுக்கும் பிரிவு அதில் உண்டு. செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் பேசப்பட்டது அந்த ஒரு பிரிவுதான். விசாரணைக் காலத்தில் சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு அன்றாடம் வருகிற பையன்களில் பெரும்பாலோருக்கு அது பொருந்துவதே இல்லை.

அவர்களுக்குப் பொருந்துபவை வேறு பிரிவுகள். பிடித்த 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். காவல் நிலைய லாக்கப்பில் வைக்கவே கூடாது. ஜாமீன்தான் பொது விதி, மறுப்பு விதிவிலக்கு. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் நிபந்தனையை நிறைவேற்ற முடியவில்லையென்றால், நிபந்தனையைத் தளர்த்துவதற்காகப் பிள்ளையை மறுபடி குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும், அதிகம் போனால் இன்னும் இரண்டு மாதம். சிறு குற்றமாக இருந்து அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கே கைவிடப்படும். குற்றம் உறுதியானாலும் சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டுக்கு மேல் வைக்க முடியாது. 1897இல் எது குறைந்தபட்சமோ அது இன்று அதிகபட்சம்.

நடப்பு இவ்வளவு சுத்தம் இல்லை. 2025இல் வெளியான இந்திய நீதி அறிக்கையின் ஆய்வு, 2023 அக்டோபர் இறுதி நிலவரப்படி நாட்டில் விவரம் கிடைத்த 362 குழுமங்களில் 55 விழுக்காடு வழக்குகள் நிலுவையில் இருந்ததாகக் காட்டியது. ஆனால் வழக்கு நிலுவையில் இருப்பதும் பையன் உள்ளே இருப்பதும் ஒன்றாகாது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்போது பையன் ஜாமீனில் வெளியே திரிவான். உள்ளே இருந்தது சில நாளோ, மூன்று வாரமோ, இரண்டு மாதமோதான். எவ்வளவு நாள் என்பது வருகிற அன்று யாருக்கும் தெரியாது, பையனுக்கும் தெரியாது.

இந்த இடத்தில்தான் கல்வி என்ற பேச்சு தடுமாறுகிறது. காலம் குறைந்துவிட்டது, நல்லதுதான். பாடம் மட்டும் பழைய செங்கல்பட்டுக் கணக்கிலேயே நிற்கிறது. இந்தியக் கூர்நோக்கு இல்லங்களைப் பற்றி எந்த அறிக்கையைப் புரட்டினாலும் தையல் எந்திரம், மின்வேலைப் பயிற்சி, கணினி வகுப்பு, ஒரு கரும்பலகை என்று அதே பட்டியல் வரும். ஆறு மாதத் தையல் பயிற்சியில் மூன்று வாரம் இருந்த பையன் காலால் மிதிக்கப் பழகியிருப்பான், நேராகத் தைக்கப் பழகியிருக்க மாட்டான். அரைகுறையாகத் தெரிந்த வேலைக்கு வெளியே யாரும் கூலி தருவதில்லை.

திருப்பதியில் சிறுவர்களுக்கான அரசு கூர்நோக்கு இல்லம் இருக்கிறது. ஆந்திரத்தில் இதைக் கவனிக்கும் துறையின் பெயரே நீளம்: இளைஞர் நலம், சீர்திருத்தப் பணிகள், தெருவோரக் குழந்தைகள் நலத் துறை. அந்த இல்லத்துக்கு ஓர் ஊரின் பிள்ளைகள் மட்டும் வருவதில்லை. திருப்பதி என்ற ஊரின் இயல்பு அப்படி. தினமும் பல்லாயிரம் பேர் வந்து போகிற ஊரில் வீட்டை விட்டு ஓடிவந்த பையனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கிடைத்துவிடும், ரயில் நிலையத்தில் படுக்க இடமும் கிடைத்துவிடும். ஓட்டலில் தட்டுக் கழுவலாம், வாகன நிறுத்தத்தில் ஏவல் செய்யலாம். கூட்டத்தில் செல்போன் களவு போனால் முதல் சந்தேகம் விழுவதும் இந்தப் பிள்ளைகள்மேல்தான். சித்தூர், புத்தூர், நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. எல்லை தாண்டி வந்தவர்களோ தெலுங்கு எழுத்தைப் பார்த்தறியாதவர்கள்.

செம்மர விவகாரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஜவ்வாது மலையிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் கூலிக்கு மரம் வெட்டப் போகிறவர்கள் யார், எந்த வறுமை அவர்களைத் துரத்துகிறது என்று தமிழ்நாடு முழுக்கப் பேசியது. அப்படி ஒரு கூட்டத்தில் 18 ஆகாத பையன் ஒருவன் பிடிபட்டால் முதல் சண்டை வயதைப் பற்றியதாகத்தான் இருக்கும். பள்ளிச் சான்றிதழ், இல்லையேல் ஊராட்சி அல்லது நகராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லையேல் எலும்புப் பரிசோதனை என்று சட்டம் வரிசை சொல்கிறது. மலைக் கிராமத்தில் பள்ளிக்கே போகாதவனுக்கு முதல் இரண்டும் இருக்காது. குழுமத்தில் பேசும் மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை அமர்த்த வேண்டும் என்று 8ஆம் பிரிவு சொல்கிறது. வேற்றூர்ப் பிள்ளையை அவன் சொந்த ஊருக்கு அருகிலுள்ள குழுமத்துக்கு மாற்ற 95ஆம் பிரிவில் வழி இருக்கிறது. எனக்கு இந்த இரண்டு பிரிவுகளும் கல்வியைப் பற்றிய பிரிவுகளாகவே தோன்றுகின்றன. தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்றே விளங்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வேறெந்தப் பாடமும் ஏறாது.

வயது இன்னொரு சிக்கல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2021இல் சிறார்மீது பதிவான வழக்குகள் 31,170. 2022இல் 30,555. பிடிபட்டவர்களில் நாலில் மூன்று பங்குக்கு மேல் 16 முதல் 18 வயதுக்காரர்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமோ 14 வயதோடு நின்றுவிடுகிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி கொடு, மாற்றுச் சான்றிதழ் இல்லையென்று திருப்பி அனுப்பாதே என்று அந்தச் சட்டம் தருகிற உரிமைகள் எதுவும் இவர்களில் பெரும்பாலோரைத் தொடுவதில்லை. ஒரே அறையில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் இருப்பான், எழுதப் படிக்கவே தெரியாதவன் இருப்பான், காதலித்த பெண்ணோடு ஊரைவிட்டுப் போய்ப் போக்சோ வழக்கில் சிக்கி இண்டர்மீடியட் தேர்வைத் தவறவிட்டவனும் இருப்பான். மூவருக்கும் ஒரே கரும்பலகை.

உள்ளே வைப்பதே படிப்பைக் கெடுக்குமா? இதற்கு நம்பத்தக்க பதில் சிகாகோவிலிருந்து வந்தது. அன்னா ஐசர், ஜோசப் டாயில் என்ற இரு பொருளியலாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 35,000க்கும் மேற்பட்ட சிறாரின் வழக்குகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே எந்த வழக்கு எந்த நீதிபதிக்குப் போகும் என்பது ஏறக்குறையக் குலுக்கல்தான். சிலர் கண்டிப்பானவர்கள், உள்ளே போடுவார்கள். சிலர் இளகியவர்கள், வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரே மாதிரிப் பிள்ளைகள் நீதிபதியின் குணத்தால் இரண்டு வழியில் பிரிந்ததால், உள்ளே வைத்ததன் விளைவை மட்டும் தனியே அளக்க முடிந்தது. அடைக்கப்பட்டவர்கள் பள்ளிப் படிப்பை முடிப்பது வெகுவாகக் குறைந்தது, பெரியவர்களான பின் சிறைக்குப் போவது வெகுவாகக் கூடியது. இத்தனைக்கும் பெரும்பாலோர் உள்ளே இருந்தது ஒன்றிரண்டு மாதம். அந்தச் சிறு இடைவெளியில் அறுந்த பள்ளித் தொடர்பைப் பலர் திரும்பக் கட்டவே இல்லை. அமெரிக்கா வேறு, ஆந்திரம் வேறு என்று ஒதுக்கலாம். ஆனால் இங்கே அந்தத் தொடர்பு முன்பே நைந்து கிடக்கிறது. பாதிப்பு கூடுதலாக இருக்குமே ஒழியக் குறைவாக இருக்க வாய்ப்பில்லை.

ஆக, தேவைப்படுவது எந்த நாளில் வந்தாலும் ஏற்றுக்கொள்கிற, எந்த நாளில் போனாலும் பாதியில் விட்டதாக ஆகாத ஒரு பள்ளிக்கூடம். அப்படி ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பழைய சித்தூர் மாவட்டத்திலேயே, திருப்பதியிலிருந்து பேருந்தில் சில மணி நேரத் தொலைவில், மதனபள்ளிக்குப் பக்கத்து ரிஷி வேலியில் அது உருவானது.

ரிஷி வேலி என்றதும் ஜே. கிருஷ்ணமூர்த்தியும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளியும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தும் ஊரகக் கல்வி மையம் ஒன்றும் அங்கே உண்டு. பத்மநாப ராவும் ரமாவும் 1980களில் தொடங்கிய வேலை அது. அவர்களுக்கு முன் இருந்த சிக்கல் இதுதான்: ஒரு ஆசிரியர், ஒரு அறை, ஐந்து வகுப்புப் பிள்ளைகள். அறுவடைக் காலத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள், மாடு மேய்க்கப் போனவன் பத்து நாள் கழித்து வருவான். பாடப்புத்தகம் அவனுக்காகக் காத்திருக்காது.

அவர்கள் புத்தகத்தைப் பிரித்து அட்டைகளாக்கினார்கள். ஒவ்வொரு பாடமும் சிறு சிறு படிகள், படிகள் சேர்ந்து சுவரில் தொங்கும் ஓர் ஏணி. பிள்ளை காலையில் வந்ததும் ஏணியில் தான் நிற்கும் இடத்தைப் பார்த்து, அந்தப் படிக்கான சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுக்கும். அட்டையின் சின்னமே எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லிவிடும்: ஆசிரியரோடு ஒரு குழு, ஆசிரியர் அவ்வப்போது எட்டிப் பார்க்கும் குழு, சக பிள்ளைகளோடு ஒரு குழு, தானாகச் செய்யும் குழு. எழுத்துகளை அ, ஆ என்ற நெடுங்கணக்கு வரிசையில் சொல்லித்தருவதில்லை. இரண்டு மூன்று எளிய எழுத்து தெரிந்தவுடன் சொல் வந்துவிட வேண்டும். தமிழில் ப, ட, ம தெரிந்தால் ‘படம்’ என்று எழுதிவிடலாம் அல்லவா, அந்தக் கணக்கு. பத்து நாள் கழித்து வந்தவன் விட்ட படியிலிருந்தே ஏறுவான். வழக்கமான பள்ளியாண்டு புறப்படும் இடத்தில் மட்டும் ஆள் ஏற்றும் ரயில் என்றால், இது எந்த நிறுத்தத்திலும் ஏறி இறங்கக்கூடிய டவுன் பஸ்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் ரிஷி வேலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்துதான் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. இ.ஆ.ப. அதிகாரி எம்.பி. விஜயகுமார் அதை முன்னின்று நடத்தினார், சில ஆண்டுகளில் மாநிலம் முழுதும் பரவியது. “பிள்ளை தரையில் உட்கார்ந்து அட்டை விளையாடுது, வீட்டுப்பாடமே இல்லை” என்று பெற்றோர் குறைப்பட்டதும் உண்மை, பல பள்ளிகளில் ஆசிரியர்கள் சலித்துப்போய்ச் சடங்காக ஆக்கியதும் உண்மை. அந்த முறையின் குறைகள் ஒரு மாநிலம் முழுக்க ஒரே அச்சில் திணித்தபோது பெரிதாகத் தெரிந்தன. ஆனால் அது யாருக்காக உண்டாக்கப்பட்டதோ அந்தப் பிள்ளைகள், அதாவது வருகை நிலையில்லாத, நிலை கலந்த, ஒரே ஆசிரியரை நம்பியிருக்கும் பிள்ளைகள், கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் அளவுக்கு வேறெங்கும் ஒரே கூரையின்கீழ் இல்லை.

அட்டையை அப்படியே கொண்டுபோய் வைக்க முடியாது. முயல், ஆட்டுக்குட்டிச் சின்னம் போட்ட அட்டையைப் பதினேழு வயதுப் பையன் கையில் கொடுத்தால் சுருட்டி எறிவான், எறிய வேண்டியதுதான். ஏணி அதேதான், ஏறும் பொருள் வேறாக வேண்டும். பேருந்துப் பலகைகள், கூலிச் சீட்டு, வங்கிப் படிவம், ஓட்டுநர் உரிமத் தேர்வு வினாக்கள், தன் ஜாமீன் உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்பது. ஒரு பையனுக்குத் தன் வழக்கின் அடுத்த வாய்தா தேதியைத் தானே படிக்கத் தெரிந்தால், மூன்று வாரப் படிப்பு பயன்பட்டுவிட்டது என்பேன். தெலுங்கு, தமிழ் இரண்டிலும் அட்டை வேண்டும். தொழிற்பயிற்சியையும் இதேபோல் நறுக்கலாம்: பிளக் மாட்டுவது ஒரு படி, சுவிட்ச் பெட்டி ஒரு படி, மின்விசிறி மாட்டுவது ஒரு படி. முடித்த படிக்குச் சீட்டு கொடுத்துவிட்டால் மீதியை வெளியே தொடரலாம்.

இதற்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் சங்கடமான விடைதான் வரும். இந்த இல்லங்களுக்குப் பணம் தரும் மத்திய அரசுத் திட்டத்தின் பணியாளர் பட்டியலில், 50 பிள்ளைகள் கொண்ட இல்லத்தில் சமையலுக்கு முழுநேர ஆள் உண்டு. ஆசிரியர் பகுதிநேரம். கைவினை ஆசிரியரும் உடற்பயிற்சி ஆசிரியரும் அப்படியே. கணக்குப் போட்டவர்கள் சமையல் நிற்கக் கூடாது என்று நினைத்தது சரி. படிப்பு நின்றால் பரவாயில்லை என்று நினைத்ததுதான் பட்டியலில் தெரிகிறது.

இன்னொரு தடையும் உண்டு, அதற்கு எந்த அட்டையும் மருந்தாகாது. 2022 டிசம்பர் இறுதியில், பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுப் பையன் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்கு பதிவாகிக் கண்காணிப்பாளர் உட்பட இல்லப் பணியாளர்களே கைதானார்கள். சேர்ந்து சில நாளுக்குள் நடந்தது அது. அதன்பின் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அமர்த்தி இல்லங்களின் நிர்வாகத்தை ஆராயச் சொன்னது, அவர் 2023இல் அறிக்கை தந்தார். 1887இலிருந்து மறுவாழ்வு என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்லப்பட்டுவரும் ஊரில் இது நடந்தது. பயம் நிரம்பிய இடத்தில் கற்பித்தல் நடக்காது. இல்லத்துக்கு வெளியிலிருந்து தினமும் ஓர் ஆசிரியர் உள்ளே வந்து போவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: பிள்ளையின் முகத்தைத் தினமும் பார்க்கிற ஒரு வெளியாள் கிடைக்கிறார். 1990ஆம் ஆண்டின் ஐ.நா. விதிகள் இல்லத்துப் பிள்ளைக்குக் கல்வியை முடிந்தவரை வெளியே உள்ள ஊர்ப் பள்ளியிலேயே கொடு என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதே விதிகளில் இன்னொன்று: உள்ளே படித்துப் பெற்ற சான்றிதழில் அவன் அங்கே இருந்தான் என்பதற்கான அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. நம் சட்டமும் இதே மனதோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. குழுமத்தில் குற்றம் உறுதியான பிள்ளைக்கு அதனால் வரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் ஆவணங்களை அழித்துவிட வேண்டும். கொடுங்குற்றத்துக்குப் பெரியவராக விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் விலக்கு. பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பது வேறு விஷயம். தலைமையாசிரியருக்கும் தெரியும். அவர் சட்டத்தை மீறிச் சேர்க்க மறுப்பதில்லை, “நாளாகிவிட்டது, பெயர் நீக்கியாகிவிட்டது, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்” என்பார். பதினாறு வயதுப் பையனுக்கு அதை எதிர்க்கும் உரிமைச் சட்டம் இல்லை என்பதை மேலே பார்த்தோம். மிஞ்சும் வழி திறந்தநிலைப் பள்ளி. ஆந்திரத்தில் மாநிலத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது, தேசிய நிறுவனமும் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பாடங்களை ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம். இதுவும் ஒருவகை ஏணிதான்.

குழுமத்தின் கையில் ஓர் அதிகாரம் இருக்கிறது, அதிகம் பேசப்படுவதில்லை. 18ஆம் பிரிவின்படி, பையனை எச்சரித்து அனுப்பினாலும் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டாலும், கூடவே “பள்ளிக்குப் போக வேண்டும்”, “தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போக வேண்டும்” என்று உத்தரவிடலாம். அந்த உத்தரவு பையனை மட்டும் கட்டுகிறது. பள்ளி அவனைச் சேர்த்துக்கொண்டதா என்று நன்னடத்தை அலுவலர் கேட்டுக் குழுமத்துக்கு எழுதினால் உத்தரவுக்கு உயிர் வரும். இளைஞர் நலத் துறை ஒரு கட்டடத்தில், கல்வித் துறை வேறு கட்டடத்தில். இரண்டையும் ஒரே மேசைக்கு அழைக்கக்கூடியவர் மாவட்ட ஆட்சியர். 2021ஆம் ஆண்டுத் திருத்தம் இல்லங்களையும் குழந்தை நல அமைப்புகளையும் மேற்பார்வையிடும் பொறுப்பை அவர் கையில் கூடுதலாகவே கொடுத்திருக்கிறது. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது திருப்பதி ஒரு பக்கமும் மதனபள்ளி இன்னொரு பக்கமும் போனதால், அந்த அட்டைகள் இல்லத்துக்கு வருவதென்றால் இப்போது ஒரு ஆட்சியர் இன்னொரு ஆட்சியருக்குக் கடிதம் எழுத வேண்டும்.